அட்சய பாத்திரம் வேண்டாம்!

வாணலியில் ஊற்றிய எண்ணெய் தானாகவே கூடியதை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? அப்பளம் பொரிக்கப் பொரிக்க எண்ணெய் குறைவதுதானே உலக வழக்கம்! எங்கள் எதிர் வீட்டுக் காரில் மட்டும் அந்த அதிசயம் நடந்தது.

அந்த வீட்டு அம்மாளுக்கு மூக்கு மிகவும் கூர்மை. "என்னங்க, கார் ஷெட்டில் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதே!" என்று ஒரு மாதமாகச் சொல்லிக் கொண்டிருந்தார். "பின்னே, காரில் மல்லிகைப்பூ வாசனையா அடிக்கும்?" என்பது கணவரின் பதில். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் தகப்பனாரின் அம்பாஸடரில் வளர்ந்தவர். அந்தக் காலத்துப் பம்பு பரம சாது. கார்புரேட்டருக்குப் பெட்ரோலை மெல்ல எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் வாசனை வந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். அங்கே என்ன வைத்தியம் செய்தார்கள் தெரியுமா? கண்ணாடியில் தொங்கவிட ஒரு வாசனைச் சீசாவைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்!

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் பானெட்டைத் திறந்து எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். "இங்கே வந்து பார்! ஆறு மாதமாக ஒரு சொட்டு ஊற்றவில்லை. மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருக்கிறது. அட்சய பாத்திரம்!" என்று பெருமையோடு கூப்பிட்டார். அம்மாள் வந்து கம்பியை முகர்ந்தார். "இது எங்கே எண்ணெய்? பெட்ரோல் அல்லவா கலந்திருக்கிறது!" என்றார். மறுநாள் குழந்தைகளோடு அதே காரில் திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் புறப்படுவதாக இருந்தார்கள். பஸ்ஸில் போய் வந்தார்கள்.

எண்ணெயில் பெட்ரோல் எப்படிக் கலந்தது? இந்நாளைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறார்கள். அதற்காக என்ஜின் தலையில் ஹைபிரஷர் பம்பு ஒன்று இருக்கிறது. கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சுமார் 2 பார். இந்தப் பம்பிலோ 200 பார் என்பது சர்வ சாதாரணம். ஏறக்குறைய நூறு மடங்கு!

பம்புக்குள் ஒரு சிறு உலக்கை இருக்கிறது. காம்ஷாப்டின் முகடு அதை மேலே தள்ளும். ஸ்பிரிங் கீழே இறக்கும். நான்கு முகடு உள்ள வண்டியில், என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் உலக்கை 6000 தடவை இடிக்கும். உலக்கைக்கு மேலே பெட்ரோல், கீழே என்ஜின் எண்ணெய். நடுவே காவல் காப்பது ஒரு சின்ன சீல். குக்கர் காஸ்கட் நாளடைவில் தேய்வதுபோல அதுவும் தேய்கிறது. அப்போது பெட்ரோல் சத்தமில்லாமல் எண்ணெயில் இறங்கிவிடுகிறது. நீர்த்துப்போன எண்ணெயால் பேரிங்குகள் தேய்ந்து, கடைசியில் என்ஜினுக்கே மோசம் வரும். பம்பின் வெளிப்புறத்திலோ குழாயிலோ ஒழுகினால், சூடான என்ஜின்மேல் பெட்ரோல் சொட்டும். அதன் விபரீதத்தை நான் சொல்ல வேண்டுமா?

பெட்ரோல் எண்ணெயோடு கலக்கும் தொல்லை புதிதும் அல்ல. 1954-ல் வெளிவந்த மெர்ஸிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். காரில், சாவியை அணைத்த பிறகும் என்ஜின் நிற்கும்வரை பம்பு பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருந்தது. அது எண்ணெயில் இறங்கியதால் அடிக்கடி எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது.

எண்ணெய் கூடினால் பம்புதான் குற்றவாளி என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இன்ஜெக்டர் ஒழுகலாம். தினமும் காய்கறிக் கடை வரைக்கும் மட்டுமே ஓடும் வண்டியிலும் சிறிது கலக்கும். சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்ரோல் நாற்றம் பலமாக இருந்தால், சமையல் காஸ் கசியும்போது செய்வதையே செய்யுங்கள். ஷெட் கதவை அகலத் திறந்துவிட்டு, விளக்கு ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வாருங்கள். 'ஒரு தடவை ஸ்டார்ட் செய்துதான் பார்ப்போமே' என்ற ஆசை வேண்டாம். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டும் போகவேண்டாம். இழுவை வண்டியை அழையுங்கள். டீசல் காரில் அழுத்தம் 2000 பார் வரைகூட உண்டு. ஒழுகும் இடத்தை விரலால் தடவவே கூடாது. ஊசிபோல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கடுகளவு தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

பம்பை மாற்றும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். என்ஜின் ஆறிய பிறகு, கையேட்டில் உள்ளபடி அழுத்தத்தை இறக்கினார்களா? பம்பின் ரப்பர் வளையம் புதிதா? ஹைபிரஷர் குழாயைக் கழற்றினால் புதிதாகவே போடவேண்டும் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன, அப்படிச் செய்தார்களா? உலக்கையைத் தள்ளும் உருளையும் காம்ஷாப்டின் முகடும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெயையும் பில்டரையும் மாற்றினார்களா? புதுப் பம்பைப் போட்டு, பெட்ரோல் கலந்த பழைய எண்ணெயிலேயே வண்டியை ஓட்டுவது, பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டுக் கெட்ட பாலையே மறுபடி ஊற்றுவது போலத்தான்.

எதிர் வீட்டுக் காருக்குப் புதுப் பம்பு வந்துவிட்டது. வாசனைச் சீசா குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கணவர் சமதரையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் பொறுத்து, அந்தக் கம்பியை இழுக்கிறார். கோட்டைப் பார்ப்பது அவர். முகர்ந்து பார்ப்பது மட்டும் அம்மாளின் பொறுப்பு!

உங்கள் வீட்டில் அந்தக் கம்பியை இழுத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று?