ஏற்றத்தில் நடப்பதே எங்கள் தேர்வு: உடல் கொழுப்பைக் குறைக்கும் பயிற்சி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

“எந்தப் பயிற்சி செஞ்சா தொப்பை குறையும்?” மலேசியாவின் லெம்பா பெர்த்தாம் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்காக இயங்கும் எங்கள் நலக் குழுவிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஓட்டமா, சும்பாவா, கயிறு தாண்டுவதா, சைக்கிளா? திரட்டிய நிதியில் இரண்டு டிரெட்மில் வாங்கலாம் என்ற யோசனையும் வந்தது. உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். டிரெட்மில் வேண்டாம். தோட்டச் சாலை ஏற்றத்தில், கூட்டமாக, வாரம் ஐந்து நாள் நடப்பதையே பரிந்துரைக்கிறோம்.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலம் தொட்டு, முதுகில் கூடையோடு நாள் முழுக்க இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கிய நம் பாட்டிமாருக்குத் தனியாக ஒரு பயிற்சி தேவைப்படவில்லை. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அது வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பு. இன்று கொழுந்தெடுப்பில் பெரும்பகுதி இயந்திரத்துக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் போய்விட்டது. நம் பிள்ளைகள் கடையிலும் ஹோட்டலிலும் லாரியிலும் வேலை பார்க்கிறார்கள். ரிங்லெட் டவுனுக்குப் போக மோட்டார் சைக்கிள் இருக்கிறது. தட்டில் விழும் சோறு மட்டும் கூடை சுமந்த காலத்து அளவில் நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இனிப்புநீர் நோயிலோ இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

ஏன் ஏற்றம்? 70 கிலோ எடையுள்ளவர் சமதரையில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அந்த நடையிலேயே 100 மீட்டர் உயரம் ஏறிவிட்டால், ஏறியதற்கு மட்டும் இன்னும் 65 கலோரி போல சேரும். ஓடாமலே, முட்டி அதிராமலே கிடைக்கும் லாபம் இது. தேயிலைக்கு நடுவே போகும் சாலையில் முதல் வளைவு வரை ஊர்க்கதை தடையில்லாமல் ஓடும். வளைவு தாண்டி ஏறத் தொடங்கியதும் பேச்சு துண்டு துண்டாகும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும். மணிக்கட்டில் கருவி கட்டத் தேவையில்லை.

மெதுவாகப் போனால்தான் கொழுப்பு கரையும் என்றும், மூச்சு முட்ட ஓடினால்தான் கரையும் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். செலவாகும் மொத்தக் கலோரி சமமாக இருந்தால் கொழுப்பு குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டுவலி இல்லாத இளையோர் ஓடட்டும், கயிறு தாண்டட்டும், நேரம் மிச்சம். சும்பா பிடித்தவர்கள் ஆடட்டும். ஆனால் மூன்றாம் வாரத்தில் நின்றுபோகும் பயிற்சியால் பயன் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து கூப்பிட்டால் நடை நிற்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய இரண்டு மாதம் தாண்டும். நடந்து முடித்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் சுமார் 300 கலோரி திரும்பி வந்துவிடும். தேயிலை விளையும் ஊரில் இருக்கிறோம். சீனியும் கெட்டிப்பாலும் இல்லாத தேநீரைக் குடித்துப் பழகுவோம். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, இங்கேயே விளையும் கோஸையும் கீரையையும் கூட்டுவோம். எடை நகராவிட்டாலும் மனம் தளர வேண்டாம்; இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும்தான் எல்லை. இடுப்பு குறையாவிட்டாலும் நடை வீண் இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கும்.

இன்சுலின் போடுபவர்களும் இனிப்புநீர் மாத்திரை எடுப்பவர்களும் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நின்று உதவி கேளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். முட்டிக்குச் சோதனை இறக்கத்தில்தான்: சிறு எட்டு வையுங்கள், கம்பு பிடியுங்கள். தசை கரையாமலிருக்க வாரம் இரண்டு நாள், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துப் பத்து முறையாக எழுந்து உட்காருங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் மாவட்ட மன்றத்துக்கும் எங்கள் வேண்டுகோள்: காய்கறி லாரிகள் போகும் குறுகிய சாலையில் நடப்பவருக்கு ஓர் ஓரம் வேண்டும், வளைவுகளில் விளக்கு வேண்டும். பெண்கள் பயமில்லாமல் நடக்க முடியாத சாலையில் யாருக்கும் உடற்பயிற்சி பற்றி அறிவுரை சொல்ல முடியாது. டிரெட்மில்லுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் ஒளிரும் மேலங்கியும் மழைச்சட்டையும் வாங்குகிறோம்.

திங்கள் முதல் வெள்ளி வரை, விடிந்த பிறகு, காலை 7.15க்குத் தோட்டக் கோயில் வாசலிலிருந்து கிளம்புகிறோம். கட்டணம் இல்லை. தூறலுக்கு நிற்க மாட்டோம். இடி இடித்தால் மட்டும் அன்றைக்கு நடை இல்லை. அம்மாவையும் அழைத்து வாருங்கள்.