மண் இல்லாமல் வனைந்தவர்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது நெய்வேலியால்தான். அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதை மூடிக் கிடக்கிற ஐம்பது மீட்டருக்கும் மேலான மண்ணை வெட்டி அகற்றியாக வேண்டும். அந்த மண்ணில் பீங்கானுக்கு ஆகிற களி இருந்தது. கம்மாபுரத்தில் இருக்கிற எங்களுக்கு ஒரு பக்கம் சுரங்கம், மறுபக்கம் சூளை.

பொம்மைக் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். களியை அரைத்துக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரை ஒட்டிக் களி ஏடு கட்டும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை நிற்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தடம் ஓடும். அதைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, பிறகு சூளைக்கு அனுப்புவார்கள். காயும்போது ஒன்று வெடித்தால் யாரும் பதறுவதில்லை. எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடியும் கூழ். வெந்தபின் உடைந்தால் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

எரேமியா இறைவாக்கினரின் நூலில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உண்டு. பதினெட்டாம் அதிகாரத்தில் அவர் குயவன் வீட்டுக்குப் போகிறார். கையில் கெட்டுப்போன பாண்டத்தைக் குயவன் அதே மண்ணால் வேறு பாண்டமாக வனைவதைப் பார்க்கிறார். பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஒரு சாடியை எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கிறார். அதை இனி ஒட்டவைக்க முடியாது என்கிறார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். முதலாவது பச்சை மண், இரண்டாவது வெந்த மண். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலும் கடவுள் மனிதனை மண்ணில் உருவாக்கி, நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார்.

ஆனால் குயவனுக்கு மண் வேண்டும். நெய்வேலியிலிருந்து வந்தாக வேண்டும். கடவுளுக்கு மண் எங்கிருந்து வந்தது? கிறிஸ்தவ விசுவாசம் இதற்கு ஒரே பதிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: முன்னால் எதுவுமே இல்லை. மூலப்பொருள் இல்லை, இருளும் தண்ணீரும் கடவுளுக்குப் போட்டியாக எப்போதும் இருந்தவை அல்ல. இல்லாமையிலிருந்து எல்லாம் வந்தது.

இந்த நம்பிக்கையை வெகு தெளிவாக முதலில் சொல்கிறவர்களில் ஒருவர் ஒரு தாய் என்பது பலருக்குத் தெரியாது. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரம். அரசன் அவளுடைய ஏழு மகன்களில் ஆறு பேரை அவள் கண் முன்னே ஒவ்வொருவராகச் சித்திரவதை செய்து கொல்கிறான். மிஞ்சியவன் கடைக்குட்டி. அவன் மனத்தை மாற்றச் சொல்லி அரசன் அவளையே கூப்பிடுகிறான். அவள் குனிந்து, தாய்மொழியில், வானத்தையும் பூமியையும் பார் மகனே, இவற்றை ஏற்கெனவே இருந்த எதிலிருந்தும் கடவுள் உண்டாக்கவில்லை, மனிதரும் அப்படித்தான் வந்தார்கள் என்கிறாள். சாவுக்கு அஞ்சாதே, உன் அண்ணன்மாரோடு உன்னை நான் திரும்பப் பெறுவேன் என்கிறாள். ஒன்றுமில்லாததிலிருந்து தந்தவர் மறுபடியும் தருவார் என்பதுதான் அவள் பிடித்துக்கொண்ட துரும்பு, பாறை, எல்லாமே. படைப்பைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்தத் தாயை விட்டுவிட்டுப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன். பிரபஞ்சத்தின் வயதைக் கணக்குப் போடவா அவள் வானத்தைக் காட்டினாள்?

இதை எழுதக் காரணம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வி. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். “சார், ஸ்கூல்ல 1,380 கோடி வருஷம்ங்கிறாங்க. இங்க ஆறு நாளுன்னு படிக்கிறோம். ரெண்டுல ஒண்ணு பொய்தானே?” பயந்துகொண்டே கேட்டாள். கேட்டால் பாவம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

அவளுக்கு நான் சொன்னது ஒரு பாதிரியாரின் கதை. ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியம் நாட்டவர், 1923இல் குருப்பட்டம் பெற்றவர். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கொண்டே எழுதினார். அப்படியானால் பின்னோக்கிப் போனால் எல்லாம் ஓரிடத்தில் திரண்டிருக்க வேண்டும் என்று 1931இல் சொன்னார். பெருவெடிப்புக் கொள்கை என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பதற்கு அங்கி அணிந்த ஒரு குருவானவரும் காரணம்.

அவரை நான் மதிப்பது இதற்கு அடுத்து நடந்ததற்காக. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், படைப்பு உண்டு என்பதற்கு அறிவியலே சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. கொள்கை நாளைக்கே மாறலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டக் கூடாது என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டு வானியலாளர்கள் முன் பேசியபோது திருத்தந்தை அந்த வாதத்தை எடுக்கவில்லை. தன் கண்டுபிடிப்பை வைத்தே தன் மதத்துக்கு வெற்றி கொண்டாடலாம் என்றபோது வேண்டாம் என்றவர் அவர். அந்த நேர்மை நம் பிரசங்க மேடைகளுக்கு வர வேண்டும்.

அவர் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைப் பகுத்தறிவால் மட்டும் நிரூபிக்க முடியாது, விசுவாசத்தால்தான் ஏற்கிறோம் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தோமாஸ் அக்குவினாஸ் எழுதினார். உலகம் என்றென்றும் இருந்ததாக வைத்துக்கொண்டாலும் அது கடவுளால் தாங்கப்படுவதுதான் என்பது அவர் வாதம். சூளையில் வெந்த பொம்மை, செய்தவர் வீட்டுக்குப் போனபின்னும் நிற்கும். உலகம் அப்படி நிற்பதில்லை என்கிறது விசுவாசம். இந்த நொடியும் அவர் தாங்குவதால்தான் இருக்கிறது. குயவன் உவமை பொருந்தாமல் போகிற இரண்டாவது இடம் இது.

இதையே நம் மண்ணில் தமிழில் சொன்னவர் வீரமாமுனிவர். விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் கட்டியவர். அவருடைய தேம்பாவணியின் முதல் பாட்டே, மூன்று உலகங்களையும் ஆக்கவும் காக்கவும் அழிக்கவும் வல்ல கடவுளைத்தான் போற்றுகிறது. ஆக்கலையும் காத்தலையும் அவர் பிரிக்கவில்லை. கம்பனைப் படித்தவர்களுக்கு அந்தத் தொடக்கம் அந்நியமாக ஒலித்திருக்காது.

உலகத்தின் வயதைப் பற்றிப் பார்ப்போம். உலகம் கிறிஸ்துவுக்கு முன் 4004இல் படைக்கப்பட்டது என்று அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் கணக்கிட்டார். ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த எண் நெடுங்காலம் அச்சானது. அது அவர் கூட்டிப் போட்ட கணக்கு, விசுவாசப் பிரமாணத்தில் எந்த ஆண்டும் இல்லை. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் பொறுக்கிய கடல் உயிரிகளின் கல்படிவங்களை 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் விவரித்து வெளியிட்டார். டார்வின் நூல் வர இன்னும் 13 ஆண்டு இருந்தது. ஆறரைக் கோடி ஆண்டுக்கும் முந்திய கடல் இங்கே நம் காலுக்குக் கீழே கிடக்கிறது. மற்ற மலைகளுக்கெல்லாம் முன்பே தோன்றியது பழமலை எனப்படும் விருத்தாசலம் என்று இங்குள்ள தலபுராணமும் சொல்லும். பழமைக்கு அஞ்சுகிற ஊர் இல்லை இது.

அறிவியலா ஆண்டவரா என்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பெரும் தீங்கு. வளர்ந்ததும் ஒன்றை விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் விடுவது ஆண்டவரை.

அந்தப் பெண் கேட்டதிலிருந்து பாதி வகுப்பு இதையே பேசிக்கொண்டிருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 12 கோடி ஆண்டுக்கு முன் நின்ற மரம். காலையில் கோனான்குப்பத்தில் பூசை, அங்கிருந்து பிள்ளைகளோடு நேரே சாத்தனூர் என்று பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். அவர் சரி என்றுவிட்டார். வேன்தான் பேச வேண்டும்.