சிகிச்சையைக் கைவிட்டவர் யார்?

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை குறித்த இந்திய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ஒரு நிரல் இடம்பெறும். சிகிச்சையை முடிக்காதவர்களின் எண்ணிக்கை அதில் இருக்கும். தலைப்பில் ‘டிஃபால்ட்’ என்றோ ‘நான்-கம்ப்ளையன்ஸ்’ என்றோ எழுதியிருக்கும். தமிழில் எழுதுவோர் அதனை ‘இணங்காமை’ என்று பெயர்த்துக்கொள்கின்றனர். வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தாதவரைச் சுட்டும் சொல் நோயாளியின்மீது எப்படி ஒட்டிக்கொண்டது என்ற கேள்வி எழுவதே இல்லை. அடுத்த பத்தியில் காரணங்களும் ஆயத்தமாக நிற்கும்: விழிப்புணர்வின்மை, கல்வியின்மை, நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை. தாராவியிலிருந்து பரேலுக்கு நாள்தோறும் சென்றுவரும் ஒருவரின் ஒரே ஒரு வாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால், இப்படி எழுதக் கை கூசியிருக்கும்.

கணக்கு எளியது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு வழக்கமாக 66 முதல் 70 கிரே கதிர்வீச்சு தேவைப்படுகிறது. நாளொன்றுக்கு 2 கிரே வீதம், திங்கள் முதல் வெள்ளி வரை, 33 முதல் 35 அமர்வுகள்; ஏறத்தாழ ஏழு வாரம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு 25 அமர்வுகள் அளவில் வெளிக்கதிர், வாரந்தோறும் சிஸ்பிளாட்டின் மருந்து, அதனோடு உள்கதிர்ச் சிகிச்சை. யாவும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். மேசையில் படுத்து எழுந்திருக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். கதிர் பாய்வது அதிலும் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு முழு வேலைநாள் கரைகிறது. மருத்துவர் கிரேயில் எழுதித் தருவதை நோயாளி நாட்கூலியில் செலுத்துகிறார்.

1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்டு, 1962 முதல் அணுசக்தித் துறையின்கீழ் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனை பரேலில் இருக்கிறது. நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்து இரண்டு நாள் ரயிலேறி அங்கே வருகிறார்கள். நடைபாதையில் தங்கிச் சிகிச்சை பெறுவோரும் உண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் மும்பைத் தமிழர் பேறுபெற்றவர் என்று தோன்றும். வரைபடத்தில் அப்படித்தான் தெரிகிறது. மாட்டுங்காவிலிருந்து பரேல் இரண்டாவது நிறுத்தம். ஓய்வூதியமும் பிள்ளைகளின் சம்பளமும் உள்ள வீட்டில் டாக்சி வாசலுக்கே வந்துவிடும். செம்பூர்க்காரர் ஹார்பர் வழித்தடத்தில் குர்லா வந்து, நடைமேம்பாலம் ஏறி இறங்கி, வண்டி மாற வேண்டும். தாராவிக்காரருக்கு சயான் நிலையம் அருகிலேயே இருக்கிறது. ஆனால், ஏழைக்குக் கட்டுப்படியாகும் ஆட்டோ சயானுக்கும் மாகிமுக்கும் தெற்கே ஓடக் கூடாது என்பது இந்நகரின் நெடுநாள் விதி. 2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே மேம்பாலமும் மறுகட்டுமானத்துக்காக வாகனங்களுக்கு மூடப்பட்டது. ஆக, நான்காம் வாரத்தில் எச்சில் விழுங்க முடியாத ஒருவருக்கு எஞ்சுவது காலை நெரிசலில் புறநகர் ரயில்தான். அதில் மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் ஒதுக்கிய பெட்டி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. புற்றுநோயாளியும் தினசரிப் பயணி என்பதை இந்நகரம் ஒப்புக்கொண்டிருக்கும் இடம் அநேகமாக அது ஒன்றுதான்.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் கடினமானது. மார்பிலோ இடுப்பிலோ மையால் வரைந்த கோடுகள் அழியக் கூடாது. சோப்புப் போடக் கூடாது. இறுக்கமான ஆடை கூடாது. கடற்கரை நகரத்தின் புழுக்கத்தில், தகரக் கூரையின் கீழ், விடியுமுன் அடுப்பு மூட்டி விற்பனைக்கு இட்லி அவிக்கும் பெண்ணுக்கு இந்த அறிவுரை வழங்கப்படுகிறது. இடுப்புப் பகுதிக்குக் கதிர் பெறுவோர் பலருக்கு இன்னொரு விதியும் உண்டு: சிறுநீர் கழித்துவிட்டு, அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அடக்கிக் காத்திருக்க வேண்டும். பை நிறைந்திருந்தால் குடல் கதிரின் பாதையிலிருந்து விலகும். மருத்துவ நோக்கில் முற்றிலும் நியாயமான விதி. வரிசை நீண்டாலோ பொறி நின்றாலோ எல்லாம் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லி மாத்திரையும் தருகிறார்கள். தனிக் கழிப்பறை இல்லாத வீட்டில், காசு கொடுத்து வரிசையில் நிற்க வேண்டிய பொதுக் கழிப்பறையை நம்பியிருப்பவர், ஒரு மணி நேரப் பயணத்தை அந்த வயிற்றோடு எப்படிக் கடப்பார்? கையேட்டில் இதற்குப் பதில் இல்லை.

இங்கேதான் அறிவியல் தன் கடுமையைக் காட்டுகிறது. சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ நான்கு வாரத்துக்குப்பின் எஞ்சிய புற்றணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன என்பதைத் தலை, கழுத்துப் புற்றுநோயில் விதர்ஸும் அவருடைய குழுவினரும் 1988-இல் எடுத்துக்காட்டினர். அதன்பிறகு நீளும் ஒவ்வொரு நாளும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பை ஏறத்தாழ 1 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேல் குறைக்கும் என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. வாய் புண்ணாகி, சுவை செத்து, கஞ்சியும் இறங்காமல் உடல் தளர்வதும் அதே வாரங்களில்தான். முதல் மாதக் கூலியிழப்பு கந்துக்கடனாக மாறுவதும் அப்போதுதான். தவறவே கூடாத நாட்களும், தவறவிடாமல் இருக்கவே முடியாத நாட்களும் ஒன்றாக வந்து விழுகின்றன. இந்த மோதலை முன்கூட்டியே கணித்துவிடலாம். கணிக்கத்தக்க ஒன்றை ‘நோயாளியின் அறியாமை’ என்று பதிவு செய்வது ஆய்வு ஆகாது. பழியை இடம் மாற்றும் வேலை.

மருத்துவக் காப்பீடு வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மகாராட்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டமும் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் கதிர்வீச்சுக்கான கட்டணத்தை ஏற்கின்றன. பெரிய உதவி, ஐயமில்லை. அந்தப் பணம் மருத்துவமனைக்குச் செல்கிறது. 33 நாள் கூலியை அது ஈடுசெய்வதில்லை. துணைக்கு வரும் மகளின் கூலியை அது அறியவே அறியாது. கூலியீடு என்பது இந்நாட்டுக்குப் புதிய கருத்து என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. புற்றுநோய் உள்ளிட்ட 34 நெடுநாள் நோய்களுக்கு, தகுதியுள்ள தொழிலாளிக்குச் சராசரிக் கூலியில் 80 சதவீதத்தை இரண்டாண்டு வரை வழங்க இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஏற்பாடு உண்டு. சம்பளச் சீட்டு உள்ளவரின் புற்றுநோய் கூலியைத் தின்னும் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. பதிவேட்டில் பெயரே ஏறாத தோல் பட்டறைத் தொழிலாளிக்கும், துண்டுக்கூலிக்குத் தையல் தைப்பவருக்கும், தலைச்சுமை வியாபாரிக்கும் வரும் புற்றுநோய் மட்டும் எதையும் தின்னாதா? காசநோயாளிக்குச் சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே போடப்படுகிறது. தொகை சிறியது, ஆனால், சோறும் சிகிச்சையின் பகுதி என்ற கொள்கை அதில் இருக்கிறது. செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ‘பாபாட்ரான்’ என்ற கோபால்ட் சிகிச்சைப் பொறியையே உள்நாட்டில் வடிவமைத்துக் காட்டியது. அவ்வளவு திறன் படைத்த அரசுக்கு ஏழு வாரப் பயணப்படியை வகுப்பது இயலாத காரியம் அன்று.

நாட்களின் எண்ணிக்கையும் கல்லில் பொறித்ததன்று. மார்பகப் புற்றுநோய்க்கு 25 அமர்வுகள் என்றிருந்ததை 15 ஆகக் குறைக்கலாம் என்பதைப் பிரிட்டனின் ‘ஸ்டார்ட்’ ஆய்வுகள் நிறுவின. 2020-இல் வெளியான ‘ஃபாஸ்ட் ஃபார்வர்டு’ ஆய்வு ஒரே வாரத்தில் 5 அமர்வுகள் வரை கொண்டுவந்தது. எல்லாப் புற்றுக்கும், எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாதுதான். எனினும், பொருந்துமிடத்தில் மிச்சமாவது பொறியின் நேரம் மட்டும் எனக் கணக்கெழுதுவது அரைக்கணக்கு. பத்து நாள் கூலியும் இருபது ரயில் பயணங்களும் மிச்சமாகின்றன. அவை எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை.

ஆய்வு மாணவர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பொறி பழுதடைந்தோ விடுமுறையாலோ சிகிச்சை தடைப்பட்ட நாளையும் நோயாளி வராத நாளையும் ஒரே கூடையில் கொட்டும் ‘இணங்காமை’ நிரலை உடைத்துவிடலாம்: பொறி, கூலி, பயணம், கழிப்பறை, உடல்நிலை, துணைக்கு ஆளின்மை. காரணத்தைக் கேட்பதற்குப் பெரிய நிதிநல்கை ஏதும் தேவையில்லை. மறுநாள் வருகைப் பதிவு மேசையில், மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமன்றித் தமிழிலும், ‘நேத்து ஏன் வரலைம்மா?’ என்று கேட்டு எழுத அரை நிமிடம் ஆகும்.