லேசர் அடித்தால் பல் கூச்சம் ஒழிந்துவிடுமா?

"லேசர் ஒரு தடவை அடித்தால் போதும், ஆயுசுக்கும் பல் கூசாது" என்ற பேச்சு நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கமும் வந்துவிட்டது. இது பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிப் பணத்தைக் கொட்டக் கூடாது.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள் உண்டு. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ அவை திறந்துகொண்டால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் திரவம் அசைந்து நரம்பைச் சுண்டும். சுவீடனின் பல் ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் நிலைநிறுத்திய விளக்கம் இது. கூடுதல் சக்தி லேசர் அந்தக் குழாய்களின் வாயை உருக்கி அடைக்கிறது. குறைந்த சக்தி லேசர் நரம்பைத் தணிக்கிறது. தேய்மானத்தை இரண்டுமே நிறுத்தாது. அதியன்னூர்ப் பக்கம் உமிக்கரியில் உப்பைச் சேர்த்து விரலால் அழுத்தித் தேய்க்கும் பழக்கம் அறவே போய்விடவில்லை. உப்பிலிட்ட நெல்லிக்காயும் எலுமிச்சை சோடாவும் எனாமலை இளக்கும். அது இளகியிருக்கும்போதே பல் தேய்த்தால் இன்னும் வேகமாகத் தேயும். இவை தொடர்ந்தால், அடைத்த குழாய் மறுபடி திறக்க எத்தனை நாள் ஆகும்?

"ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது" என்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. போலி சிகிச்சையைவிட லேசரால் வலி குறையலாம், ஆனால் சான்று உறுதியானதல்ல என்றே சொன்னது.

"பேஸ்ட்டெல்லாம் வெறும் ஏமாற்று" என்பதும் தவறு. பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டை இரண்டு வேளையும் சில வாரம் விடாமல் பயன்படுத்த வேண்டும். மூன்றாம் நாளே தூக்கிப் போட்டால் எப்படிக் கேட்கும்?

எனக்குக் கவலை தருவது வேறொன்று. எல்லா வலியையும் கூச்சம் என்று சொல்லி லேசருக்குப் போவது. சூடு பட்டபின் நெடுநேரம் நிற்கும் வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கடித்தால் மட்டும் வரும் சுரீர் வலி இவையெல்லாம் நரம்பைத் தொட்ட சொத்தையாகவோ பல்லில் விழுந்த விரிசலாகவோ இருக்கலாம். அங்கே லேசர் அடித்துக் காத்திருந்தால் பல்லே போய்விடலாம்.

லேசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேஸ்ட்டும் ஃபுளோரைடு வார்னிஷும் கேட்காதவர்களுக்கு அது ஒரு வழிதான். ஆனால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அங்கே ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு லேசருக்குப் பணம் கட்டுவதா என்று முடிவெடுங்கள்.