தகுதி யார் வீட்டுச் சொத்து?

கோவில்பட்டியில் ஒரு கூட்டம். நீட் தேர்வை ஒழிக்கச் சொல்லிப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்குகிறேன். ஒரு தோழர், நம்மாள்தான், கல்லூரியில் வேலை பார்க்கிறவர், வழிமறித்துக் கேட்டார்: "மேடையில நீட்டை ஒழிங்கன்னு பேசுதீங்க. ஞாயித்துக்கெழமையானா கடம்பூர்ல காலனிப் பிள்ளைகளுக்கு அதே நீட்டுக்கு மாதிரித் தேர்வு வைக்கீங்க. இது என்ன அரசியல் தோழர்?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மாதிரித் தேர்வு எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ரயிலில் போகிறவர்களுக்குக் கடம்பூர் என்றால் போளி. தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே வந்தால் கரிசல். மழை பெய்தால் காலை விடாது, பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் எல்லாம் வானத்தை நம்பித்தான். நிலம் யாருடையது, களையெடுக்கிற கை யாருடையது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலனிச் சமுதாயக்கூடத்தில் ஞாயிறு மதியம் 2 மணிக்குத் தாள் கொடுப்போம். 2025இல் நிஜத் தேர்வும் 2 மணிக்குத்தான் நடந்தது. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண். விடைத்தாள் ஜெராக்ஸ். வட்டத்தைக் கறுப்பு மைப் பேனாவால் நிரப்ப வேண்டும். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். இயற்பியலில் எனக்குப் பூச்சியம். நான் செய்வதெல்லாம் கடிகாரம் பார்ப்பது, விடைப்பட்டியலை வைத்துத் திருத்துவது, இவ்வளவுதான்.

பதினாறு பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறுகூடப் பதினாறு பேரும் வந்ததில்லை. பருத்தி வெடித்துவிட்டால் பெண்பிள்ளைகள் காட்டில் நிற்பார்கள். "யக்கா, அம்மாவுக்கு மேலுக்கு முடியல. நானும் போகலேன்னா இந்த வாரம் கூலியே இல்ல" என்று வீட்டு வாசலில் நின்று சொல்கிற பிள்ளையிடம் நான் என்ன பேச முடியும்? ஒரு பையன் சனிக்கிழமை ராத்திரி முழுக்கத் தீப்பெட்டி ஆபீசில் லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து, நாற்பதாவது கேள்வியில் தாள் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டான். எழுப்பவா வேண்டாமா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எழுப்பினேன். அன்றைக்கு அவன் வாங்கிய மதிப்பெண்ணை நான் அவனிடம் சொல்லவில்லை.

இனி தேர்வுக்கு வருவோம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பான விடைக்கு 1 கழிவு, விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது வேறு. எந்தக் கேள்வியையும் விடாதே, தெரிந்ததை எழுது, திருத்துகிறவர் பார்த்துப் போடுவார் என்பார்கள். இங்கே பார்த்துப் போட ஆளில்லை, எந்திரம்தான் இருக்கிறது. கழிவு என்றதும் எங்கள் பிள்ளைகள் பயந்து பாதி வட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தப்பு செய்தால் அடி என்றே வளர்ந்த பிள்ளைகள் அப்படித்தான் செய்யும்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதற்கு இயற்பியல் வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்குப் போதும். ஒன்றுமே தெரியாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு 180 வட்டத்தையும் நிரப்புகிறான் என்று வையுங்கள். நாலில் ஒன்று சராசரியாகச் சரியாகும். 45 சரி, அதற்கு 180 மதிப்பெண். 135 தப்பு, அதற்கு 135 கழிவு. மிச்சம் 45. இன்னொருவன் ஒவ்வொரு கேள்வியிலும் ஒரே ஒரு தப்பான விடையை மட்டும் கண்டுபிடித்துத் தள்ளிவிட்டு, மீதி மூன்றில் ஒன்றைக் குத்துமதிப்பாகக் குறிக்கிறான். 60 சரி, 120 தப்பு. 240இல் 120 போக 120 மிச்சம். ரெண்டு தப்பைத் தள்ளத் தெரிந்தவனுக்கு 270. சரி, 2023இல் இந்தத் தேர்வில் 'தகுதி' பெறக் கேட்ட மதிப்பெண் எவ்வளவு? பொதுப் பிரிவுக்கு 137. நமக்கு 107. அதாவது ஒரு கேள்விக்குக்கூட நிச்சயமான விடை தெரியாமல், தள்ளுகிற வித்தை மட்டும் தெரிந்தவன் 'தகுதி'யுள்ளவன் ஆகிவிடலாம். அந்த வித்தையைத்தான் கோச்சிங் சென்டர்கள் ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் வாங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு வைத்து, கை பழகுகிறவரை சொல்லிக்கொடுக்கிறார்கள்.

தேறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பார்கள். உண்மைதான். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் இதைப்போலப் பல மடங்கு மதிப்பெண் வேண்டும். பிறகு எதற்கு 720க்கு 137? நூற்றுக்கு இருபதுகூட வராத இந்த 137 யாருக்குப் பயன்படுகிறது? தனியார் கல்லூரி நிர்வாக இடத்துக்கு வருசாவருசம் லட்சம் லட்சமாகக் கட்டக்கூடியவனுக்குத்தான். அவனுக்கு மதிப்பெண் வெறும் நுழைவுச் சீட்டு, மீதியைப் பணம் பார்த்துக்கொள்ளும். 2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது ஒன்றிய அரசு என்ன செய்தது? தகுதிக்கான வரம்பைப் பூச்சியத்துக்கு இறக்கியது. தேர்வு எழுதிய அத்தனை பேரும் தகுதியானவர்கள்! இடஒதுக்கீடு என்றால் 'தகுதி போச்சே' என்று நாற்பது வருசமாக மூக்கைச் சிந்துகிறவர்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்? சேரிப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் நாட்டு மக்களின் உயிருக்கு ஆபத்து. பணக்காரப் பிள்ளைக்குக் குறைந்தால் அது 'காலியிடம் நிரப்பும் நடவடிக்கை'. தகுதி என்பது இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்து. வேண்டியபோது பூட்டுவார்கள், வேண்டியபோது திறப்பார்கள்.

2019இல் தமிழக அரசு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் கோச்சிங் போகாமல் சேர்ந்தவர்கள் 48 பேர். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மொழிக்கு வருகிறேன். இது என் படிப்பு சம்பந்தப்பட்டது. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தப்பும் தவறுமாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. சிறுத்தையைச் 'சீத்தா' என்று அச்சடித்திருந்தார்கள். சிறுத்தையைச் சிறுத்தை என்று எழுதக்கூட அவர்களுக்குக் கை வரவில்லை! டி.கே.ரங்கராஜன் வழக்குப் போட்டார். தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை ஜூலையில் தீர்ப்பளித்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே முடிவானது என்பது அவர்கள் விதி. தப்பு செய்தவன் அச்சடித்தவன், மதிப்பெண் போனதோ படித்தவனுக்கு. இன்றைக்கும் எங்கள் மாதிரித் தேர்வில் பிள்ளைகள் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை என்று கேள்வியை ரெண்டு தடவை படிக்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்த தேர்வில் இந்த ரெண்டாவது வாசிப்புக்கான நேரத்தை யார் தருவது?

'அப்படியானால் பழைய முறையே நல்லது' என்று நம்மவர்களில் சிலர் அவசரப்படுகிறார்கள். நான் அந்தக் கட்சியில்லை. தமிழ்நாட்டிலேயே 1984இல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு கொண்டுவந்தார்கள். ஆனந்தகிருஷ்ணன் குழு பரிந்துரைத்து, 2006இல் சட்டம் இயற்றி, 2007இல் அது ஒழிந்தது. அதன்பிறகு பத்தாண்டு ப்ளஸ் டூ மதிப்பெண்தான். அந்தப் பத்தாண்டில் ஆண்டது யார்? நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பண்ணைப் பள்ளிகள். பதினொன்றாம் வகுப்பையே மூடிவைத்துவிட்டு, ரெண்டு வருசமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்து அறுவடை செய்தார்கள். அப்போதும் மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சொற்பமே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அப்போது கடம்பூர்ப் பிள்ளை தன் பாடப் புத்தகத்தைப் படித்து, தன் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதற்கு ஒரு மதிப்பு இருந்தது. அதையும் இப்போது பிடுங்கிக்கொண்டார்கள்.

சான்றிதழ் எங்கள் பக்கத்தில் வெறும் காகிதமல்ல. 1995 ஆகஸ்டு 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்ததே, இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. வெளிநாடு போய்ச் சம்பாதித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தலைநிமிர்ந்து வாழ்ந்த ஊர் அது. வீட்டுச் சாமான்களை நொறுக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. கிணற்றில் விஷத்தைக் கொட்டினார்கள். படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டுகளையும் தேடி எடுத்து எரித்தார்கள். எதை எரித்தால் நாம் எழும்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2017க்குப் பிறகு தீக்குச்சி தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மருத்துவக் கல்லூரி வாசலில் செல்லாது என்று சொல்லிவிட்டால் போதும். குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவள். உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியவள். அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டேதான் 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். தேர்வை எதிர்க்கிறவள் தேர்வுக்குத் தயார் செய்யலாமா?

சட்டமன்றம் 2021 செப்டம்பரில் விலக்கு மசோதா நிறைவேற்றியது. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் மறுபடியும் நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சபையில் சொன்னார். மசோதா போய் வந்த இந்த வருசங்களில் எத்தனை பிள்ளைகள் ப்ளஸ் டூ முடித்து வெளியே வந்தார்கள்? போராட்டம் ஜெயிக்கிறவரை பதினேழு வயசைப் பதினேழிலேயே நிறுத்திவைக்க யாரால் முடியும்? தேர்வைப் புறக்கணிப்பதும் ஒரு வசதிதான் தோழர். புறக்கணித்தாலும் நாளைக்குச் சோறு கிடைக்கிறவர்கள் புறக்கணிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து போனவர்கள் ஒற்றை இலக்கம். அந்த ஆண்டு 400க்கு மேற்பட்ட இடங்கள் திறந்தன. கடம்பூர்ப் பிள்ளை இனி கோச்சிங் முதலாளியின் பிள்ளையோடு மோத வேண்டாம், தன்னைப் போன்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு போட்டி போட்டால் போதும். ஆனால் அதற்கும் நீட்டில் தேறியிருக்க வேண்டும். திறந்திருக்கிற ஒரே வாசலில் போய் நிற்காதே என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

அந்த வாசலிலும் ஒரு கல் தடுக்குகிறது. எங்கள் பதினாறு பேரில் நன்றாக எழுதுகிற ஒரு பெண் இருக்கிறாள். ஆறாம் வகுப்புக்கு அவளைப் பக்கத்தில் இருந்த உதவிபெறும் பள்ளியில் சேர்த்தார்கள். நடந்து போகிற தூரம், அவ்வளவுதான் காரணம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் ஒதுக்கீடு. உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. சட்டம் செல்லும் என்று 2022இல் உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விசயத்தைச் சொன்னபோது அவள் அம்மா கேட்டாள்: "ஏம்மா, அதுவும் சர்க்கார் சம்பளம் வாங்குற வாத்தியாருதான? கூலி வேலைக்குப் போறவ பிள்ளைதான இவளும்?" என்னிடம் பதில் இல்லை. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் மிசன் பள்ளிகளிலும் பிற உதவிபெறும் பள்ளிகளிலும் படிக்கிற தலித் பிள்ளைகள் எத்தனை பேர்! இவர்களை எந்தக் கணக்கில் வைப்பது என்று நம் இயக்கங்கள் மேடையில் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் அந்த அம்மா கேட்கிறவரை யோசிக்கவில்லை. அது என் தப்பு.

அந்தப் பெண் இன்னும் ஞாயிறுதோறும் வருகிறாள். "தேறுனா போதும்க்கா, பெறகு பாத்துக்கிடலாம்" என்கிறாள்.

ஆகவே தோழர், ரெண்டையும் செய்வோம். மறியலுக்கும் போவோம், மாதிரித் தேர்வும் வைப்போம். உதவிபெறும் பள்ளியில் படிக்கிற கூலிக்காரர் பிள்ளைகளுக்கும் அந்த 7.5 வேண்டும் என்று மனுவும் எழுதுவோம். இந்தத் தேர்வு பிள்ளையின் அறிவை அளக்கிறது என்று மட்டும் அவர்களிடம் சொல்ல மாட்டோம். நாங்கள் ஒவ்வொரு தாளையும் திருத்திக் கொடுக்கும்போது அந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். கண்ணை மூடி நிரப்பினால் 45, ஒன்றைத் தள்ளினால் 120, ரெண்டைத் தள்ளினால் 270. குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளை 'நான் முட்டாள்' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. 'எனக்குச் சொல்லித்தரப்படாத ஒரு வித்தை இது' என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அனிதா பேரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிற நாம் இதையாவது செய்ய வேண்டாமா?

கடைசியாக ஒன்று. அன்றைக்குக் கேள்வி கேட்ட தோழரின் மகள் திருநெல்வேலியில் கோச்சிங் படிக்கிறாள். அதில் எனக்குக் குற்றமில்லை, நன்றாகப் படிக்கட்டும். நம் பிள்ளைதானே. அவர் இயற்பியல் படித்தவர். அரசு வேலைக்குப் போன நம் ஆட்கள் கோவில்பட்டியிலும் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு கேட்கிறேன், மூன்று மணி நேரம். வண்டியை விட்டு இறங்கினால் காலனிக்கு யாரும் வழி சொல்வார்கள். கடிகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். 2 மணிக்குத் தாள் கொடுத்துவிடுவோம். கறுப்பு மைப் பேனா நாலைந்து கூடுதலாக எடுத்துக்கொண்டு வாருங்கள், இங்கே எப்போதும் குறைகிறது.