57-க்கும் 65-க்கும் நடுவே

ஆடவர் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் ஒலிம்பிக் எடைப் பிரிவுகள் ஆறு: 57, 65, 74, 86, 97, 125 கிலோ. மகளிருக்கும் ஆறு: 50, 53, 57, 62, 68, 76. உலகப் போட்டிகளில் இவற்றின் இடையே ஆடவருக்கு 61, 70, 79, 92, மகளிருக்கு 55, 59, 65, 72 ஆகிய பிரிவுகளும் உண்டு. ஒலிம்பிக்கில் அவை இல்லை. இயல்பு எடை 61, 62 கிலோவாக உள்ள ஆடவர் ஒருவர் ஒலிம்பிக் பதக்கத்தை நினைத்தால் 57-க்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தம்மைவிடப் பெரிய உடல்களோடு 65-ல் மோத வேண்டும். பெரும்பாலோர் இறங்கவே செய்கிறார்கள். இந்திய வீரர் அமன் ஷெராவத்தும் அப்படி இறங்கியவர். 2024 பாரிஸில் அரையிறுதி முடிந்த மாலையில் அவர் 61.5 கிலோ இருந்தார். ஏறத்தாழ 10 மணி நேரத்தில் 4.6 கிலோவைக் குறைத்து, மறுநாள் காலை எடைத்தட்டில் தேறி, வெண்கலம் வென்றார். 2025 செப்டம்பரில் ஜாக்ரெப் உலகப் போட்டியில் அதே 57 கிலோ பிரிவில் 1.7 கிலோ கூடுதலாக இருந்ததால் ஒரு சுற்றுகூட ஆடாமல் வெளியேறினார். அக்டோபரில் இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. நவம்பரில் அதை விலக்கிக்கொண்டது.

தடை நீங்கிவிட்டது என்பதால் ஊட்டச்சத்து, விளையாட்டு மருத்துவத் துறையினர் நிம்மதி கொள்ள இடமில்லை. எந்த எண்ணத்தின் மேல் அந்தத் தடை எழுந்ததோ, அந்த எண்ணம் நீங்கவில்லை. எடை தவறுவது ஒழுங்கீனம் என்பதே அந்த எண்ணம். வீரர் முன்கூட்டியே குரோஷியா முகாமுக்குச் சென்றிருந்தார், எடையைச் சரிசெய்ய நேரம் போதுமானதாக இருந்தது, ஆகவே பொறுப்பு அவருடையது என்று வாதம் அமைந்தது. பயிற்சியாளர்களிடமும் விளக்கம் கேட்கப்பட்டது. அந்த உடல் எந்த எடை வரை பாதுகாப்பாக இறங்கும், அதை யார், எப்போது, எந்த நீர்ச்சத்து நிலையில் அளந்தார்கள் என்பது மட்டும் பேச்சிலேயே வரவில்லை. பாரிஸ் இரவில் இழந்த 4.6 கிலோ, அவருடைய அப்போதைய எடையில் 7.5 சதவீதம். அந்த இரவு வென்றபோது அது மன உறுதி என்று கொண்டாடப்பட்டது. அதே முறை அடுத்த ஆண்டு தோற்றபோது பொறுப்பின்மை ஆயிற்று.

பாரிஸில் மகளிர் 50 கிலோ பிரிவில் ஆடிய வினேஷ் போகாட்டின் வழக்கில் விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் அளித்த முடிவை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 6 காலை 49.9 கிலோவில் தேறியவர், 7-ஆம் தேதி காலை 50.1 கிலோவில் தவறினார். சர்வதேச மல்யுத்த அமைப்பான யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங்கின் விதிகளில் 11-ஆவது பிரிவின்படி இரண்டாம் நாள் தவறினாலும் முழுப் போட்டியிலிருந்தும் நீக்கம், தரவரிசை இல்லாத கடைசி இடம். தனி நடுவர் அனபெல் பென்னட் ஆகஸ்ட் 14 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். எந்தத் தவறான செயலாலும் விளையாத ஒரு நிலைக்கு இந்த விளைவு மிகக் கொடியது என்றும், தகுதி இழந்த சுற்றிலிருந்து மட்டும் நீக்குவதே நியாயமாக இருக்கும் என்றும் விரிவான தீர்ப்பில் அவரே பதிவு செய்தார். ஆனால் விதி தெளிவாக இருக்கிறது, எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது, அதை மாற்றி எழுதும் அதிகாரம் தமக்கு இல்லை என்பது அவர் நிலை. மாதவிடாய்ச் சுழற்சியால் உடலில் நீர் தேங்கியது என்ற வாதமும் எடுபடவில்லை.

ஊட்டச்சத்து வல்லுநர்களுக்கும் விளையாட்டு மருத்துவர்களுக்கும் அந்தத் தீர்ப்பின் உட்பொருள் ஒன்றுதான். எடைத்தட்டில் ஏறிய பிறகு உடலியல் ஒரு வாதமே அல்ல. உடலியலைப் பேசக்கூடிய ஒரே இடம், வீரரை எந்தப் பிரிவில் பதிவு செய்வது என்று முடிவெடுக்கும் இடம். இந்தியாவில் அந்த இடத்தில் எந்த அளவீடும் கட்டாயமில்லை.

இரண்டு நாள் எடை முறை 2018 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் நெருக்கடி இத்துறையினருக்குப் புதிதல்ல. முதல் நாள் காலை வற்றிய உடலோடு தேறுபவருக்கு ஆடுவதற்குக் கார்போஹைட்ரேட்டும் சோடியமும் நீரும் வேண்டும். ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும். ஆல்டோஸ்டிரோனும் வாசோபிரெசினும் உயர்ந்திருக்கும் நேரத்தில் உள்ளே போகும் நீர் எளிதில் வெளியே வருவதில்லை. வற்றிய உடலில் வியர்வையும் மட்டுப்படும். வினேஷுக்கு அன்றைய நாள் முழுதும் 1.5 கிலோ அளவுக்கு உணவும் நீரும் போதும் என்பது கணக்கு. மூன்று ஆட்டங்கள் முடிந்த மாலையில் 2.7 கிலோ கூடுதலாக இருந்தது. உணவு, நீர் எல்லாம் நிறுத்தி, இரவெல்லாம் வியர்க்க வைத்து, முடியையும் வெட்டிய பிறகும் 100 கிராம் நின்றுவிட்டது. இதில் கணக்குப் போட்டவரின் பிழை எவ்வளவு என்று ஆராய்வதில் பெரிய பயன் இல்லை. 53 கிலோவில் உலகப் பதக்கங்கள் வென்ற ஒருவர், அந்தப் பிரிவின் பாரிஸ் ஒதுக்கீட்டை இன்னொருவர் பெற்றதால் 50-க்கு இறங்கினார். முடிவு பதிவிலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த இரவில் பிழைத்திருத்தம் மட்டுமே மிச்சம் இருந்தது.

குறைந்தபட்ச எடைச் சான்று என்ற ஏற்பாடு புதிதும் அல்ல, சோதனை நிலையில் உள்ளதும் அல்ல. 1997 நவம்பர், டிசம்பரில் ஐந்து வார இடைவெளியில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடைக் குறைப்பின்போது இறந்தார்கள். வெப்பமான அறையில், ஆவி புகாத ரப்பர் உடையில், நீரின்றி உடற்பயிற்சி செய்தவர்கள் அவர்கள். அதைத் தொடர்ந்து அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் சானாவையும் ரப்பர் உடையையும் தடை செய்தது. எடை பார்க்கும் நேரத்தை ஆட்டத்துக்கு அருகே கொண்டுவந்தது. பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீரரின் உடற்கட்டையும் அளந்து அவருக்கான குறைந்தபட்ச எடையை உறுதிசெய்யும் முறையைக் கொண்டுவந்தது. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.020-ஐத் தாண்டினால் அளவீடே கிடையாது. ஆடவருக்குக் கொழுப்பின் கீழ்வரம்பு 5 சதவீதம், பெண்களுக்கு 12. வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கக் கூடாது.

கணக்கு எளியது: கொழுப்பற்ற நிறையை 0.95-ஆல், பெண்களுக்கு 0.88-ஆல், வகுக்க வேண்டும். 63 கிலோ எடையும் 8 சதவீதக் கொழுப்பும் கொண்ட ஒரு வீரரை எடுத்துக்கொண்டால் கொழுப்பற்ற நிறை 57.96 கிலோ, குறைந்தபட்ச எடை 61. அவருடைய கடைசித் துளிக் கொழுப்பையும் நீக்கினாலும் 57-க்கு மேல் ஏறத்தாழ ஒரு கிலோ நிற்கும். அவர் 57-ல் ஆடுகிறார் என்றால் கழிவது நீரும் கிளைகோஜனும் குடலில் உள்ளதும் தசையும்தான். 56 கிலோவும் 16 சதவீதக் கொழுப்பும் உள்ள பெண்ணுக்குக் கொழுப்பற்ற நிறை 47.04, குறைந்தபட்ச எடை 53.45. அவர் 53-க்குக்கூட அரை கிலோ உயரத்தில் இருக்கிறார். நீர் குறையாமல் 50-ல் நிற்க வேண்டுமானால் அவர் உடலில் 6 சதவீதக் கொழுப்புகூட இருக்க முடியாது. காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தக் கணக்கு, பதிவுக்கு முன் போடப்பட்டிருந்தால் எத்தனையோ இரவுகளைத் தவிர்த்திருக்கும்.

அளவீட்டில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தியப் பயிற்சி மையங்களில் எளிதில் கிடைப்பது பயோஇம்பீடன்ஸ் கருவி. வற்றிய உடலில் மின்தடை கூடும். கருவி உடல்நீரைக் குறைத்துக் காட்டும். அதனால் கொழுப்பற்ற நிறை குறைவாகவும் கொழுப்பு மிகையாகவும் தெரியும். விளைவு, வீரருக்கு இன்னும் இறங்க இடம் இருப்பதாக அறிக்கை சொல்லும். பிழை விழும் திசைதான் ஆபத்து: ஏற்கெனவே நீர் இழந்தவரையே அது மேலும் கீழே அனுப்புகிறது. ஒப்படர்த்திச் சோதனை இல்லாமல் எடுத்த எந்தப் பயோஇம்பீடன்ஸ் எண்ணையும் எடைப் பிரிவு முடிவுக்குப் பயன்படுத்தக் கூடாது. தோல்மடிப்பு அளவீட்டில் பயிற்சி பெற்றவர் எட்டு இடங்களில் எடுக்கும் மில்லிமீட்டர்க் கூட்டுத்தொகையை அப்படியே காலவரிசையில் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரங்கள் பெரும்பாலும் மேற்கத்திய உடல்களிலிருந்து உருவானவை. ஒரே உடல் நிறைக் குறியீட்டில் தெற்காசியருக்குக் கொழுப்பு கூடுதல் என்பது அறியப்பட்ட ஒன்று. இந்திய மல்யுத்த வீரர்களுக்கென ஒரு சூத்திரத்தைச் சரிபார்த்து வெளியிடுவதற்குத் தேசிய முகாம்களைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஆண்டு முழுதும் அங்கே வீரர்கள் தங்குகிறார்கள், எடை தினமும் பார்க்கப்படுகிறது. எடை மட்டும்தான் பார்க்கப்படுகிறது.

பெண்களின் 12 சதவீதம் கீழ்வரம்பே தவிர இலக்கு அல்ல. அந்த வரம்புக்கு மேலேயே ஆற்றல் இருப்பு ஒரு கிலோ கொழுப்பற்ற நிறைக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே நீண்ட நாள் நின்றால் மாதவிடாய் நிற்பதும் எலும்பு அடர்த்தி குறைவதும் நடக்கின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் ரெட்-எஸ் எனப்படும் இந்த ஆற்றல் குறைபாட்டு நிலை குறித்து மூன்று ஒருமித்த அறிக்கைகளை வெளியிட்டுவிட்டது. பதினைந்து, பதினாறு வயதில், வளர்ச்சி முடியாத உடலோடு, சென்ற ஆண்டின் பிரிவிலேயே இந்த ஆண்டும் நிறுத்தப்படும் சிறுமிகளுக்கு அந்த அறிக்கைகள் இன்னும் வந்து சேரவில்லை.

இது முதல் முறை எழுப்பப்படும் குரல் அல்ல. அளவீட்டைக் கேட்டபோதெல்லாம் இத்துறைக்குக் கிடைத்த பதில், எடை வீரரின் சொந்தப் பொறுப்பு என்பதே. வினேஷ் விவகாரத்தில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர், எடை மேலாண்மை வீரரும் அவருடைய பயிற்சியாளரும் ஏற்க வேண்டிய பொறுப்பு, சங்கத்தின் மருத்துவக் குழுவினுடையது அல்ல என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு மல்யுத்தக் கூட்டமைப்பு தண்டனை ஆணையே பிறப்பித்தது. பொறுப்பு என்ற சொல் ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழே மட்டுமே இறங்கி வருகிறது. எடைப் பிரிவைத் தேர்வுப் போட்டியின் வழியாக நிர்ணயிப்பது கூட்டமைப்பு. ஒதுக்கீட்டை நாட்டுக்குரியது என்று வைத்துக்கொள்வதும் கூட்டமைப்பு. முகாமை நடத்துவது அரசுப் பணம். ஒலிம்பிக்கில் 61-ஐ விட்டுவிட்டு 57-க்கு அடுத்து 65 என்று வைத்தவை சர்வதேச அமைப்புகள். இவர்களில் ஒருவரும் காரணம் கேட்கும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒருவர் மட்டும் எழுத வேண்டும். அவருக்கு அருகில் சாப்பாட்டுத் தட்டை அளந்த ஊட்டச்சத்து வல்லுநர் தலைகுனிய வேண்டும். ஒரு காலிப்பருக்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டருக்கும் ஆகும் செலவு, ஒரு வெளிநாட்டு முகாமின் கணக்கில் தெரியக்கூட தெரியாது. அதைச் செய்யாத நிர்வாகத்துக்கு எடை தவறியவரைத் தண்டிக்க என்ன தகுதி இருக்கிறது என்று கேட்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. மற்ற நாடுகள் இறக்கும்போது இந்தியா மட்டும் தன் வீரர்களைத் தடுத்தால் பதக்கம் போகும் என்பார்கள். ஜாக்ரெப்பில் அமனைத் தடுக்காததால் பதக்கம் வரவில்லை. பாரிஸில் வினேஷுக்கு வெள்ளியாவது உறுதியாகியிருந்தது, அதுவும் போயிற்று. ஒப்படர்த்திச் சோதனைக்கு முன் நிறைய நீர் குடித்து ஏமாற்றலாம் என்பதும் உண்மையே. முன்னறிவிப்பில்லாத இரண்டாவது சோதனை அதைப் பெரிதும் கட்டுப்படுத்தும். உலக விதியும் மாறத்தான் வேண்டும். ஜூடோவில் முந்தைய மாலை எடை பார்த்து, மறுநாள் காலை சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, 5 சதவீதம் வரை கூடியிருக்க அனுமதிக்கிறார்கள். மல்யுத்தத்திலேயே தரவரிசைத் தொடர் போட்டிகளில் 2 கிலோ சலுகை உண்டு. இரண்டாம் நாளுக்கு அதில் பாதி கொடுத்தாலும் இரவு நேர வியர்வை அறைகள் பெரும்பாலும் காலியாகும். ஆனால் அது கோர்சியே-சூர்-வேவேயில் உள்ள யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங் தலைமையகம் எடுக்க வேண்டிய முடிவு. அதற்காகக் காத்திருக்காமல் தேசிய முகாமில் செய்யக்கூடியவை உண்டு.

பிரிவுப் பதிவுக்குப் பன்னிரண்டு வாரம் முன்பு, காலையில், ஒப்படர்த்தி 1.020-க்குள் இருக்கும்போது தோல்மடிப்பும் எடையும் எடுக்க வேண்டும்; இயலும் இடத்தில் டெக்ஸா ஸ்கேனும் சேர்க்கலாம். குறைந்தபட்ச எடைக்குக் கீழான பிரிவில் பதிவு செய்ய வேண்டுமானால் கூட்டமைப்பின் மருத்துவர் எழுத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் நாள் எடையைப் பயிற்சிக் காலத்திலேயே இருமுறையாவது ஒத்திகை பார்த்து, அந்த வீரரின் உடல் ஓரிரவில் எவ்வளவு இழக்கிறது என்பதைப் பதிய வேண்டும். பெண்களுக்கு இந்த ஒத்திகை சுழற்சியின் இரு கட்டங்களிலும் வேண்டும். கூட்டமைப்பு கேட்காவிட்டாலும் வல்லுநர்கள் இந்தப் பதிவேட்டைத் தாங்களே தொடங்கலாம். தேதி, ஒப்படர்த்தி, கூட்டுத்தொகை, கணக்கிட்ட எடை, பயிற்சியாளர் தேர்ந்த பிரிவு ஆகியவை ஒரே தாளில் இருக்க வேண்டும். அதன் ஒரு நகல் பயிற்சியாளருக்கு, ஒரு நகல் கூட்டமைப்புக்கு, ஒரு நகல் வீரர் கையில்.