'ரூமை ஒதுங்க வை'ன்னு கத்துறதுக்கு முன்னாடி... இதைக் கவனிச்சீங்களா?

"எத்தனை தடவை சொல்றது? ரூமை ஒதுங்க வைடா!"

மாலை நேரத்தில் பல வீடுகளில் கேட்கும் குரல் இது. மகன் டிவியிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பொம்மை, புத்தகம், அழுக்கு சாக்ஸ் எல்லாவற்றையும் அம்மாவே குனிந்து எடுத்து வைப்பார். இதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்... 'நாம விட்டுட்டா, அம்மா பார்த்துப்பாங்க.'

அப்படியென்றால் குழந்தைகளுக்கு ஒழுங்கு பிடிக்காதா? பிடிக்கும் என்கிறது மரியா மாண்டிசோரியின் அனுபவம். மருத்துவரான இவர், 1907-ல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காக 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். அங்கே பொருள்கள் பூட்டிய அலமாரியில் இருந்தன. ஆசிரியைதான் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பார். ஒருநாள் அவர் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். பிள்ளைகள் தாங்களே திறந்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு வேலையில் மூழ்கிவிட்டார்கள். ஆசிரியைக்கு அது தப்பாகப்பட்டது. மாண்டிசோரியோ, எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும் என்று புரிந்துகொண்டார். பூட்டு போனது, கைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரிகள் வந்தன. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் இதே மாண்டிசோரிதான்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இடம் கொடுங்கள்: தனி ரூம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டை பிள்ளைக்கு ஒதுக்குங்கள். க்ரேயானுக்கு ஒரு டப்பா, பொம்மைக்கு ஒரு கூடை. படிக்கத் தெரியாத குழந்தை என்றால், டப்பாவின் மேல் படம் வரைந்து ஒட்டுங்கள்.

பொருளைக் குறையுங்கள்: எல்லா பொம்மையும் ஒரே நேரத்தில் வெளியே வேண்டாம். பாதியை எடுத்து வைத்து, சில வாரம் கழித்து மாற்றிக் கொடுங்கள்.

சின்னதாகச் சொல்லுங்கள்: 'ரூமை க்ளீன் பண்ணு' என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாது. 'முதல்ல பில்டிங் பிளாக்ஸை எல்லாம் கூடையில போடு' என்றால் புரியும். மூன்று வயதில் கூடையில் போடுவது, ஆறு வயதில் ஸ்கூல் பேக்கை எடுத்து வைப்பது, பத்து வயதில் தன் துணியை மடிப்பது என வேலையும் வளரட்டும்.

திருத்தி மடிக்காதீர்கள்: பிள்ளை கோணலாக மடித்த சட்டையை, அவன் கண் முன்னால் பிரித்து மீண்டும் மடித்தால், மறுநாள் அவன் தொடவே மாட்டான். கோணலாகவே இருக்கட்டும்.

ஒரே சட்டம்: மகளிடம் 'இன்னொரு வீட்டுக்குப் போறவ, இதுகூடத் தெரியலையா?' என்று கேட்கும் வீட்டில், மகன் கழற்றிப்போட்ட சட்டையையும் அவளே எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே இருவருமே தப்பான பாடத்தைத்தான் படிக்கிறார்கள். நாளை ஹாஸ்டலிலோ, வேலை பார்க்கும் ஊரிலோ இருவருக்கும் ஒரு ரூம் இருக்கும். அதை ஒதுங்க வைக்க அம்மா வர முடியாது.

இன்று இரவே ஆரம்பிக்கலாம். பிள்ளையின் அலமாரி முன்னால் முட்டி போட்டு, அவன் உயரத்துக்கு வந்து பாருங்கள். கைக்கு எட்டாத தட்டில் அவனுடைய பொருள் இருந்தால், முதலில் அதைக் கீழே இறக்குங்கள்.